ஒரே கருவி, ஓரிடத்தில் 16 விழுக்காடு, இன்னோரிடத்தில் 6: கலிபோர்னியப் புல்வெளிப் பாசனம், ஒரு நிகழ்வு ஆய்வு

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே, ஆரஞ்சு மாவட்டத்தில் இருக்கிறது இர்வைன் நகரம். ஆண்டு மழை சுமார் 330 மி.மீ. அதுவும் பெரும்பாலும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்து ஓய்ந்துவிடும். மீதி மாதங்களில் வீட்டு முகப்பிலுள்ள புல் பச்சையாக இருந்தால், அது முழுக்கக் குழாய்த் தண்ணீரின் பச்சை. அந்தத் தண்ணீரைத் திறந்து மூடுவது கார் நிறுத்தும் அறைச் சுவரில் மாட்டிய ஒரு டைமர் பெட்டி. ஜூலையில் யாரோ வைத்த நிமிடக் கணக்கு நவம்பரிலும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த டைமரை எடுத்துவிட்டு, வானிலையைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்மார்ட் கன்ட்ரோலரை மாட்டினால் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும்? இர்வைனில் கிடைத்த விடையும் பின்னர் கலிபோர்னியா முழுவதும் கிடைத்த விடையும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தெரியாமல் கருவியை வாங்கி மாட்டினால், சில தோட்டங்களில் தண்ணீர்க் கட்டணம் ஏறத்தான் செய்யும்.

இர்வைனில் நடந்தது

ஜூலையில் இர்வைனின் ஒப்பீட்டு நீரிழப்பு சுமார் 160 மி.மீ., ஜனவரியில் சுமார் 56 மி.மீ. போதிய ஈரத்தோடு வளரும் குட்டைப் புல்லிலிருந்தும் அதன் அடிமண்ணிலிருந்தும் ஆவியாகிப் போகும் நீரின் அளவு இது. தொழிலில் இருப்பவர்கள் இ.டி. என்பார்கள். கோடைக்கும் குளிருக்கும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். டைமருக்கு இது தெரியாது. 1982 முதல் கலிபோர்னிய நீர்வளத் துறை நடத்திவரும் சிமிஸ் வானிலை நிலையங்கள் இந்த எண்ணை நாள்தோறும் கணித்துத் தருகின்றன. வெயில், காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகிய நான்கும் சேர்ந்த கணக்கு அது.

இர்வைன் ராஞ்ச் நீர் மாவட்டம் 1991-இலேயே வீட்டுக்கு வீடு நீர் ஒதுக்கீடு வைத்து, அதை மீறினால் கட்டணம் ஏறும் முறையைக் கொண்டுவந்திருந்தது. அங்குள்ள மக்களுக்குத் தண்ணீரின் விலை தெரியும். அப்படியிருந்தும் அதிகம் செலவழிக்கும் வீடுகள் இருந்தன. 1990-களின் இறுதியில், வெஸ்ட்பார்க் குடியிருப்புப் பகுதியில் அதிகம் பயன்படுத்தும் வீடுகளிலிருந்து சுமார் 40 வீடுகளைத் தேர்ந்து, அன்றன்றைய இ.டி.க்கு ஏற்ப நேரத்தை மாற்றும் கன்ட்ரோலர்களைப் பொருத்தினார்கள். வைஃபை வீடுகளுக்கு வராத காலம். தகவல் பேஜர் அலைவழியில் போனது. இன்னொரு குழுவினருக்குக் கருவி கிடையாது. எவ்வளவு நேரம் நீர் விட வேண்டும் என்று அஞ்சலட்டை மட்டும் போனது. 2001-இல் வந்த அறிக்கையின்படி, கருவி மாட்டிய வீடுகளில் ஒரு நாளைக்கு 37 கேலன், அதாவது சுமார் 140 லிட்டர் மிஞ்சியது. வீட்டின் மொத்தப் பயன்பாட்டில் இது 7 விழுக்காடு. வெளிப்புறப் பயன்பாட்டில் சுமார் 16 விழுக்காடு.

2004-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு வேறொரு கேள்வியையும் கேட்டது: சாலையோரமாக ஓடி வடிகாலில் விழும் தண்ணீர் குறைகிறதா? அந்த வடிகால் நீர் சுத்திகரிக்கப்படாமல், உரத்தையும் பூச்சிமருந்தையும் சுமந்துகொண்டு நியூபோர்ட் விரிகுடாவில் கலக்கிறது. 112 வீடுகளிலும் அவற்றோடு சேர்ந்த சில பொதுப் பசும்பரப்புகளிலும் கருவி பொருத்தினார்கள். 225 வீடுகளுக்குப் பாசன அறிவுரை மட்டும் தந்தார்கள். கருவி வைத்த வீடுகளில் நாளொன்றுக்கு 41 கேலன், அறிவுரை மட்டும் பெற்ற வீடுகளில் 26 கேலன் மிஞ்சியது. முதல் குழுவின் பகுதியில் மழையில்லாக் காலத்து வழிநீர் ஏறத்தாழப் பாதியானது. குடிநீர்ச் சேமிப்பை விட இந்த வழிநீர் எண்ணே முக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது. வேருக்குப் போகாமல் தெருவுக்குப் போன தண்ணீர் அது. அது நின்றதால் எந்தச் செடிக்கும் இழப்பில்லை.

மாநிலம் முழுவதும் பரவியபோது

இந்த எண்களை நம்பி நீர் நிறுவனங்கள் மானியம் கொடுத்துக் கருவியைப் பரப்பின. 2009-இல் வெளியான மாநில மதிப்பீடு 2,294 இடங்களின் மீட்டர் கணக்கை ஆராய்ந்தது. சராசரிக் குறைவு 6.1 விழுக்காடு. சராசரியை விடக் கவனிக்க வேண்டியது அதன் உட்பிரிவு: சுமார் 57 விழுக்காடு இடங்களில் பயன்பாடு குறைந்தது, சுமார் 42 விழுக்காடு இடங்களில் கூடியது.

கருவி பழுதாகிவிடவில்லை. சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தது. இரண்டு வீடுகளைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 100 சதுர மீட்டர் வெப்பகாலப் புல். அதன் தேவை ஒப்பீட்டு இ.டி.யில் 0.6 பங்கு. ஜூலையில் 160 × 0.6 = 96 மி.மீ. தெளிப்பு முறையின் திறன் 0.75, அதாவது விட்ட நீரில் முக்கால் பங்கே புல்லுக்குப் பயன்படும் என்றால், விட வேண்டியது 128 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். ஆக மாதத்துக்கு 12,800 லிட்டர்.

முதல் வீட்டுக்காரர் 19,000 லிட்டர் விட்டுவந்தார். கருவி 6,200 லிட்டரைக் குறைக்கிறது, 33 விழுக்காடு. இரண்டாம் வீட்டுக்காரர் சிக்கனக்காரர். 8,000 லிட்டரோடு நிறுத்திக்கொள்வார், புல் ஆங்காங்கே மஞ்சளித்தாலும் கவலைப்பட மாட்டார். கருவி வந்ததும் அவர் தோட்டத்துக்கும் 12,800 லிட்டர் போகிறது; 4,800 லிட்டர் கூடுதல். இருவரையும் சேர்த்தால் 27,000 லிட்டர் 25,600 ஆகிறது. ஐந்து விழுக்காடுதான். முதலாமவரைப் போன்றவர்களை மட்டும் தேர்ந்தெடுத்த இர்வைனில் நல்ல எண் வந்ததும், கேட்டவர்களுக்கெல்லாம் மானியம் தந்தபோது எண் சரிந்ததும் இப்படித்தான்.

ஆகவே இது தண்ணீரைக் குறைக்கும் கருவியன்று. தேவைக்குச் சமப்படுத்தும் கருவி. வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, 12 மாத மீட்டர் கணக்கைத் தேவைக் கணக்கோடு ஒப்பிடுவது. தோட்டத்துக்குத் தனி மீட்டர் இல்லையென்றால், மழை மாதங்களின் பயன்பாட்டை வீட்டுக்குள் செலவாவதாகக் கொண்டு, மற்ற மாதங்களின் கணக்கிலிருந்து கழித்துப் பார்க்கலாம். விட்ட நீர் தேவையை விட ஒரு கால் பங்காவது அதிகமாக இருந்தால் கருவி பயன் தரும். ஏற்கெனவே குறைவாக விடுபவர், கணக்கிட்ட தேவையில் எத்தனை விழுக்காடு விட வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் சதவீத அமைப்பை 100-இல் விடாமல் 60, 70 என்று வைக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் பழைய டைமரே போதும்.

கருவிக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்

பெட்டி வானிலையை அறியும், தோட்டத்தை அறியாது. ஒரே வால்வில் ஓடும் பகுதியை ஸோன் என்பார்கள். ஒவ்வொரு ஸோனுக்கும் செடி வகை, மண் வகை, வேர் ஆழம், வெயிலா நிழலா, சரிவு, தெளிப்பு வீதம் ஆகியவற்றை நாம்தான் உள்ளிட வேண்டும். பொருத்துபவர் அவசரத்தில் எல்லாவற்றையும் ஆலையில் வைத்த தொடக்க அமைப்பிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் மிகப் பரவலான தவறு. அவற்றில் தெளிப்பு வீதம் தவறினால் மற்ற எதையும் எவ்வளவு சரியாக வைத்தும் பயனில்லை.

நாசில் என்பது நீரைத் தெளிக்கும் முனை. நிலையான விசிறி நாசில் மணிக்குச் சுமார் 40 மி.மீ. பொழியும். சுழலும் பல்தாரை நாசில் 10 முதல் 12 மி.மீ. மட்டுமே. வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் உடல் ஒன்றுபோலவே இருக்கும். பல்தாரை நாசில் உள்ள ஸோனில் ‘ஸ்பிரே’ என்ற அமைப்பு இருந்தால் புல்லுக்குக் கால்பங்கு நீர்தான் போகும். இரண்டு வாரத்தில் புல் காயும். வீட்டுக்காரர் கோபத்தில் எல்லா ஸோன்களுக்கும் சதவீதத்தை 200 ஆக்குவார். சரியாக இருந்த மற்ற ஸோன்கள் அன்றிலிருந்து தெருவுக்கு நீர் விடத் தொடங்கும்.

இதைத் தவிர்க்க வழி, டப்பா வைத்து அளப்பது. பக்கங்கள் நேராக உள்ள, ஒரே அளவான 20 டப்பாக்களை ஒரு ஸோனில் சமதூரத்தில் பரப்ப வேண்டும். காற்றில்லாத அதிகாலையில் 10 நிமிடம் ஓட்டி, ஒவ்வொன்றிலும் சேர்ந்த நீரின் உயரத்தை மி.மீ.யில் குறிக்க வேண்டும். சராசரி 6.5 மி.மீ. வந்தால் வீதம் மணிக்கு 39 மி.மீ. அடுத்து, மிகக் குறைவாக நிறைந்த ஐந்து டப்பாக்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுக்க வேண்டும். 3.9 வகுத்தல் 6.5 என்றால் 0.60. இதுதான் பரவல் சீர்மை. இந்த எண்ணால் தேவையை நேரடியாக வகுத்துவிடக் கூடாது. மண்ணுக்குள் நீர் பக்கவாட்டிலும் பரவுவதால் அது மிகையாகிவிடும். 0.4 + (0.6 × சீர்மை) என்பதே நடைமுறைச் சூத்திரம், 0.60 சீர்மைக்கு 0.76 கிடைக்கும்.

சீர்மை 0.60-க்குக் கீழே போனால் கருவியை மாட்டுவதை ஒத்திவைத்துக் குழாயைச் சரிசெய்வதே முறை. சாய்ந்த தெளிப்புத் தலைகளை நிமிர்த்த வேண்டும். அடைத்த வடிகட்டிகளைக் கழுவ வேண்டும். ஒரு தலையின் தாரை அடுத்த தலையைத் தொடும்படி இடைவெளி இருக்க வேண்டும். ஒரே ஸோனில் விசிறியும் பல்தாரையும் கலந்திருந்தால் ஒன்றை மாற்றியாக வேண்டும். அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்: விசிறி நாசிலுக்கு 30 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 2.1 பார், போதும். 60, 70 என்று வந்தால் நீர் துளியாக விழாமல் பனியாகப் பறக்கும். காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். அழுத்தம் சீராக்கும் தலைகளை மாட்டினால் இது தீரும். இந்த வேலைகளால் சீர்மை 0.60-லிருந்து 0.72-க்கு ஏறினால், மேலே சொன்ன 100 சதுர மீட்டரில் ஜூலையில் மட்டும் சுமார் 1,100 லிட்டர் மிஞ்சும். இதற்கு எந்த மின்னணுவும் தேவையில்லை.

இப்போது கால அட்டவணை. களிமண் கலந்த வண்டலில் புல்வேர் 150 மி.மீ. ஆழம் போனால், அந்த ஆழத்தில் செடி எடுக்கக்கூடிய நீர் சுமார் 22 மி.மீ. அதில் பாதி, அதாவது 11 மி.மீ. குறையும்வரை புல்லுக்குத் துன்பமில்லை. ஜூலையில் நாளொன்றுக்கு 3.1 மி.மீ. போகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை 9.3 மி.மீ. திருப்பித் தர வேண்டும். 0.75-ஆல் வகுத்தால் 12.4 மி.மீ.; மணிக்கு 39 மி.மீ. வீதத்தில் 19 நிமிடம். ஜனவரியில் நாளிழப்பு 1.1 மி.மீ. மட்டுமே. மழையே இல்லாவிட்டாலும் ஒன்பது நாளைக்கு ஒருமுறை 20 நிமிடம் போதும். நிமிடங்கள் கிட்டத்தட்ட மாறவில்லை, இடைவெளிதான் மூன்று மடங்கானது. நாள்தோறும் விட்டு நிமிடத்தை மட்டும் குறைக்கும் டைமர்க்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மேலோட்டமாக நனைந்த மண்ணில் வேர் கீழே இறங்காது. சிறுசிறு நனைப்பில் பெரும்பகுதி ஆவியாகவே போய்விடும்.

அந்த 19 நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது. இந்த வகை மண் மணிக்கு 5 மி.மீ. போலத்தான் உள்வாங்கும்; நாசிலோ 39 மி.மீ. கொட்டுகிறது. ஐந்து நிமிடம் ஓட்டி, 45 நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் ஐந்து நிமிடம் என்று நான்கு தவணையாகப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகள், மண்ணையும் சரிவையும் சரியாகச் சொன்னால் இதைத் தாமே செய்யும். சரிவான நிலத்தில் ஒரு சிக்கல் உண்டு. வால்வு மூடிய பிறகு குழாயில் நிற்கும் நீர் தாழ்ந்த தலை வழியாக ஒழுகி வெளியேறும். நான்கு தவணை என்றால் நான்கு முறை ஒழுகும். தாழ்ந்த இடத்துத் தலைகளில் ஒழுக்குத்தடை வால்வு இல்லாமல் தவணை முறையைப் போட்டால் சேமிப்பு அந்த வழியே போய்விடும்.

புல்லும் புதரும் ஒரே வால்வில் இருந்தால் எந்தக் கருவியாலும் உதவ முடியாது. ஒன்றுக்கு 0.6, மற்றொன்றுக்கு 0.3 என்றால் கருவி இரண்டில் ஒன்றைத்தான் கேட்கும். வால்வைப் பிரித்துப் புதர்ப்பகுதியைச் சொட்டுநீருக்கு மாற்ற வேண்டும். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டிகள் 45 செ.மீ. இடைவெளியிலும், வரிசைகள் 45 செ.மீ. தூரத்திலும் இருந்தால் வீதம் மணிக்குச் சுமார் 10 மி.மீ. இதையும் கருவிக்குக் கையால் கொடுக்க வேண்டும்.

கம்பியும் வால்வும்

மின்சாரத்தைத் துண்டித்து, பழைய பெட்டியின் கம்பிகளைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்வது அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். எந்த எண்ணில் எந்த ஸோன் என்று துணியில் எழுதிக் கட்டுவது இன்னும் நல்லது. அமெரிக்காவில் இந்த வால்வுகள் 24 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் ஓடுபவை. பொதுக்கம்பி பெரும்பாலும் வெள்ளை. பொதுக்கம்பிக்கும் ஸோன் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரில் 20 முதல் 60 ஓம் காட்டினால், வால்வைத் திறக்கும் மின்சுருளான சொலினாய்டு நலம். எல்லையற்ற மின்தடை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. ஓரிரு ஓம் மட்டுமே என்றால் சுருள் எரிந்து குறுக்குப் பாதையாகிவிட்டது. அப்படியே இணைத்தால் புதிய பெட்டியின் வெளியீடும் போகும். மண்ணுக்குள் இருக்கும் இணைப்புகளைச் சாதாரண டேப்பால் சுற்றக் கூடாது; கிரீஸ் நிரம்பிய நீர்புகா மூடிகள் வேண்டும். பெரும்பாலான கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும். மூலைச் சுவரில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், பெட்டி பழைய சராசரிக் கணக்கில் ஓடும்; உரிமையாளர் வானிலையைப் பார்த்து ஓடுவதாக நினைத்திருப்பார்.

மழை உணரியைக் கழற்றி எறிய வேண்டாம். தொலைவிலுள்ள நிலையத்தில் பெய்யாத மழை உங்கள் கூரையில் பெய்யலாம். 6 மி.மீ. அளவில் அமைத்து, மரக்கிளையும் தெளிப்புத் தாரையும் படாத இடத்தில் வைத்தால் போதும்.

மழை மிகுந்த ஊர்களில் வானிலைக் கணக்கை விட மண் ஈர உணரி நன்றாக வேலை செய்யும். புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில், மணற்பாங்கான நிலத்தில், புளோரிடா பல்கலைக்கழகம் 2004, 2005-இல் பெர்முடா புல்லில் செய்த சோதனையில், உணரியே இல்லாத டைமரோடு ஒப்பிட மண் ஈர உணரிகள் சராசரியாக 72 விழுக்காட்டையும் மழை உணரி 34 விழுக்காட்டையும் மிச்சப்படுத்தின. அடிக்கடி மழை பெய்த காலம் அது. வறண்ட காலத்தில் தவிர்க்கக்கூடிய பாசனமே குறைவு என்பதால் அந்த எண்ணை இர்வைனின் கோடைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. உணரியைப் புதைக்கும் இடம் சுவரிலிருந்தும் கான்கிரீட் பாதையிலிருந்தும் ஒன்றரை மீட்டர் தள்ளி, வேர்மண்டலத்தின் நடுவில், புல்லுக்கென்றால் 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் மண்ணை நன்றாக அமுக்க வேண்டும். காற்றிடைவெளி இருந்தால் எப்போதும் வறட்சி என்றே சொல்லும். பிறகு அதன் மேல் 20 லிட்டர் நீரை ஊற்றி, 24 மணி நேரம் மழையோ பாசனமோ இல்லாமல் விட்டு, அப்போது காட்டும் எண்ணை மண்ணின் நிறைவளவாகக் கொள்ள வேண்டும். நிறுத்தும் எல்லையை அதற்குச் சற்றுக் கீழே வைக்கலாம்.

கூடுதலாகச் செலவழிக்கப் பணம் இருந்தால், அது ஓட்ட உணரிக்கும் தலைமை வால்வுக்கும் போகட்டும். வானிலை கன்ட்ரோலருக்கு உடைந்த தலை தெரியாது. புல்வெட்டி இடித்து ஒரு தலை உடைந்தால், விடியற்காலை 4 மணிக்கு யாரும் பார்க்காத நேரத்தில், ஒவ்வொரு தவணையிலும் நீர் ஊற்றாகப் பொங்கும். ஓட்ட உணரி ஒவ்வொரு ஸோனின் வழக்கமான ஓட்டத்தையும் கற்று, அதைவிட 30 விழுக்காடு கூடினால் தலைமை வால்வை மூடிவிடும். உணரிக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கும் பின்னால் 5 மடங்கும் நேர்குழாய் இருக்க வேண்டும். வளைவை ஒட்டி வைத்தால் சுழிப்பினால் எண் பொய் சொல்லும், பொய் எச்சரிக்கை வரும், பொறுமையிழந்தவர் எச்சரிக்கையையே அணைத்துவிடுவார்.

கட்டுப்பாட்டு நாட்களும் சட்டமும்

2015 ஏப்ரலில் கலிபோர்னிய ஆளுநர் நகர்ப்புறப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டார். பல ஊர்களில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் பாசனம் என்றானது. அனுமதித்த நாட்களைக் கருவியில் பதிக்காதவர்களின் பெட்டி, கணக்குப்படி சரியான நாளில், சட்டப்படி தவறான நாளில் ஓடியது. நாட்களைப் பதித்தவர்களுக்கும் ஒரு கவனம் தேவை: 11 மி.மீ. குறையும்வரைதான் புல்லுக்குத் துன்பமில்லை, நான்கு நாள் இடைவெளியிலோ 12.4 மி.மீ. போய்விடும்; அதை ஈடுகட்ட மண் தாங்குவதற்கு மேல் முன்கூட்டியே நிரப்பப் பார்ப்பது கீழே வடிவதற்கே. அந்த வாரங்களில் புல் கொஞ்சம் வாடட்டும் என்று விடுவதுதான் சரி. வெப்பகாலப் புல் மீண்டு வரும்.

அதே ஆண்டு திருத்தப்பட்ட மாநில மாதிரி விதி, புதிய தோட்டங்களுக்கு வானிலை அல்லது மண் ஈரம் சார்ந்த கன்ட்ரோலரைக் கட்டாயமாக வைத்திருந்தது. ஆனால் கருவியோடு நிற்கவில்லை. வீட்டுத் தோட்டத்தின் மொத்த நீர் ஒதுக்கீட்டை இ.டி.யில் 0.55 பங்காக்கியது, மேல்மண்ணில் மக்கிய உரக் கலவையும், 3 அங்குல மூடாக்கும், 10 அடிக்குக் குறைவான அகலமுள்ள துண்டுகளில் மேல்தெளிப்புக்குத் தடையும் சேர்த்தது. கருவியை மட்டும் நம்பாமல் தோட்டத்தின் தேவையையே குறைத்த அந்த அணுகுமுறை சரியானது. லாஸ் வேகாஸில் தெற்கு நெவாடா நீர் ஆணையத்தின் நீண்டகால ஆய்வு, புல்வெளிக்குச் சதுர அடிக்கு ஆண்டுக்கு 73 கேலனும் பாலைநிலச் செடிகளுக்கு 17.2 கேலனும் செலவாவதைக் காட்டியது. சதுர மீட்டருக்குச் சொன்னால் சுமார் 2,970 லிட்டருக்கு எதிராக 700. யாரும் நடக்காத, குழந்தைகள் விளையாடாத புல்லுக்கு மிகச் சிறந்த கன்ட்ரோலரை மாட்டுவதை விட அந்தப் புல்லை எடுத்துவிடுவது பல மடங்கு மிச்சம்.

மாட்டிய பிறகு

முதல் ஆறு வாரமும் வாரம் ஒருமுறை ஒரு நீண்ட திருப்புளியைப் புல்லில் அழுத்திப் பார்க்க வேண்டும். 15 செ.மீ. எளிதாக இறங்கினால் ஈரம் போதும். 5 செ.மீ.யில் முட்டினால் அந்த ஸோனுக்கு மட்டும் 10 விழுக்காடு கூட்டலாம். எல்லா ஸோனுக்கும் வேண்டாம். ஓரத்தில் பாசியும் காளானும் தென்பட்டால் 10 விழுக்காடு குறைக்கலாம். மாற்றிய எண்ணையும் நாளையும் பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்தால், அடுத்து வரும் தோட்டக்காரர் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்காது.

மீட்டரை மாதந்தோறும் ஒரே தேதியில் படித்து, அந்த மாத இ.டி.யோடு சேர்த்து எழுத வேண்டும். சென்ற ஆண்டு அக்டோபரோடு இந்த அக்டோபரை மட்டும் ஒப்பிட்டால், வெயில் மாறுபாட்டைக் கருவியின் பலனென்று தவறாக எண்ணிவிட நேரும். விட்ட லிட்டரைத் தேவையான லிட்டரால் வகுத்தால் வரும் விகிதம்தான் பார்க்க வேண்டியது. இர்வைனில் அக்டோபரின் இ.டி. ஜூலையின் பாதியைச் சற்றே தாண்டும். டைமர் வீடுகளில் அந்த மாதத்தில்தான் இந்த விகிதம் உச்சத்துக்குப் போகும். கருவி சரியாக அமைந்திருந்தால் ஜூலையிலும் அக்டோபரிலும் விகிதம் 1-ஐ ஒட்டியே இருக்கும். அக்டோபரில் 1.3-ஐத் தாண்டினால், முதலில் வைஃபை இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்றும், அடுத்து யாராவது பெட்டியைக் கைமுறைக்கு மாற்றிவிட்டார்களா என்றும், அதன்பின் தெளிப்பு வீத அமைப்பையும் அந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும்.